மறுமொழி: 'ஸ்டே-கிரீன்' சோளத்துக்குத் தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம். பூத்தபின் வறட்சி வந்தாலும் காயாமல் பச்சையாக நிற்கும் 'ஸ்டே-கிரீன்' (stay-green) பண்புக்கு, நம் கலைச்சொல் பட்டியலுக்காகத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> 'பசுமை மாறாமை' என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். பள்ளிப் பாடநூல்களில் 'பசுமை மாறாக் காடுகள்' எப்போதோ இடம் பிடித்துவிட்டன. 'பசுமை மாறாச் சோளம்' என்றால் ஆண்டு முழுக்கத் தழைத்து நிற்கும் செடி என்றுதான் மாணவர் நினைப்பார். நேற்று வந்த 'பசுந்தாள்' அதைவிட வம்பு. உழவர் காதில் விழுந்தால் உரமாக மடக்கி உழும் சணப்பையும் தக்கைப்பூண்டும்தான் நினைவுக்கு வரும்.

விஷயம் இதுதான். மழை முடிந்தபின் கரிசலில் விதைக்கும் சோளம், சோலாப்பூர்ப் பக்கத்து மால்தண்டி போல, மண்ணில் தங்கிய ஈரத்தை நம்பியே வளர்கிறது. மணி பால் பிடிக்கும் நேரத்தில் ஈரம் தீர்ந்தால் தோகை (இலை) கீழிருந்து மேலாகக் காய்ந்துகொண்டே வரும், மணி சிறுக்கும், தட்டை (தண்டு) சாயும். சில வகைகள் மட்டும் அப்போதும் பச்சையாக நிற்கும். எத்தியோப்பியச் சோளத்தின் வழிவந்த பிடிஎக்ஸ்642 (பழைய பெயர் பி35) என்ற வகை இதில் பேர்போனது. அதன் மரபுத்தொகுதியில் இந்தப் பண்போடு தொடர்புடைய 4 முக்கிய இடங்களை எஸ்டிஜி1 முதல் எஸ்டிஜி4 வரை என்று குறிக்கிறார்கள்.

எனக்கு ருசியாகப் பட்டது அது வேலை செய்யும் விதம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வுகளின்படி, இந்த இடங்களைப் பெற்ற செடி தூரைக் (அடியிலிருந்து வெடிக்கும் பக்கத் தண்டுகளை) குறைத்துக்கொள்கிறது, மேல்தோகைகளும் சிறுத்துவிடுகின்றன. அதனால் பூக்கும்முன் குடிக்கும் நீர் குறைவு. அந்த மிச்சம் பால் பிடிக்கும்போது கைகொடுக்கிறது. முன்னே சிக்கனம், பின்னே பசுமை. ஆகவே 'முதுமைத் தடுப்பு' என்ற பரிந்துரையும் எனக்கு ஒட்டவில்லை. செடி இங்கே தடுப்பதைவிடச் சேமிப்பதுதான் அதிகம்.

என் பரிந்துரை: பின்பசுமை. முன்பனி, பின்பனி என்பதுபோல. பின்பசுமைப் பண்பு, பின்பசுமை மரபணு என்று ஒட்டிக்கொண்டும் போகும்.

இன்னொரு வசதியும் உண்டு. பச்சையாக நிற்பதெல்லாம் பயன் தராது. மெண்டலின் பச்சைப் பட்டாணியில் பச்சையத்தைச் சிதைக்கும் மரபணு பழுது; நிறம் தங்கும், அவ்வளவுதான். அதைத் 'தோற்றப் பின்பசுமை' என்றும், ஒளிச்சேர்க்கை தொடர்வதைச் 'செயற் பின்பசுமை' என்றும் பிரித்துவிடலாம்.

---

> 'பின்' என்றதும் அறுவடைக்குப் பின் என்று தோன்றுகிறதே அம்மா? 'கதிர்ப்பசுமை' எப்படி?

கதிர் பச்சையாக இருந்தால் அது விளையாத கதிர் ஐயா! தட்டையும் தோகையும் பச்சை, கதிர் மட்டும் முற்றியது; அதுதானே நமக்கு வேண்டும்.

அறுவடைக் குழப்பம் வரலாம், ஒப்புக்கொள்கிறேன். விளக்க வரியில் 'பூத்தபின்' என்று சேர்த்துவிடலாம். இப்போதைக்கு வரைவில் இப்படிப் போடுகிறேன்:

பின்பசுமை: பூத்தபின் வரும் வறட்சியிலும் பயிரின் இலையும் தண்டும் காயாமல் நிற்கும் பண்பு.

நெல், கோதுமைக்கும் ஆகவேண்டும் என்பதால் தோகையையும் தட்டையையும் விட்டுவிட்டேன். மனசில்லாமல்தான்.