கானா நாட்டுச் சாவு வீடுகள்: நேரில் போனவர்கள் எழுதுங்கள்

குமாசிவாசி:
சவப்பெட்டியைத் தோளில் வைத்து ஆடுகிற அந்தக் காணொளியை 2020இல் உலகமே பார்த்துச் சிரித்துவிட்டது. அதை இங்கே யாரும் ஒட்ட வேண்டாம். எனக்கு உறுத்துவது வேறு.

குமாசியில் மரம் அறுக்கும் ஆலையில் என்னோடு வேலை பார்த்தவரின் அப்பா தவறிவிட்டார். ஒரு வாரம் கழித்து முற்றத்தில் கூடுவார்களே, அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, திரும்பிய பக்கமெல்லாம் கருப்பும் சிவப்பும். அன்றைக்குத்தான் அடக்கத்துக்கு நாள் குறிப்பார்கள். அப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவர் என் நண்பர். பிணவறை வாடகை ஏறிக்கொண்டே போகிறது, அடுத்த மாதமே முடித்துவிடலாம் என்று எழுந்து சொன்னார். குடும்பத் தலைவரான அபுசுவாபனின் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒகியாமேயிடம் (பெரியவர்களுக்காகப் பேசுகிறவர்) ஏதோ முணுமுணுத்தார். ஒகியாமே எழுந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “நாளைக் குடும்பம் முடிவு செய்யும். பிள்ளைகள் பெட்டியைப் பார்த்துக்கொள்ளட்டும்” என்றார்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். சரி என்று உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் அவருடைய அத்தை மகன் இருந்தார். வாரிசு அவர்தான்.

குமாசிப் பக்கத்து அகான் இன மக்களுக்கு ரத்தம் அம்மா வழி, ஆவி அப்பா வழி. ஆகவே அப்பாவின் குடும்பம் என்றால் அப்பாவைப் பெற்றவளின் வழி. அவர் பெற்ற பிள்ளைகள் அதில் சேர்த்தி இல்லை. இதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தாலும், அத்தனை பேர் நடுவில் அவர் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்ததை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

தேமா துறை:
பெட்டி என்றதும் எழுதத் தோன்றியது. அக்ராவை ஒட்டி டெஷி என்று கடலோர ஊர் இருக்கிறது, அங்கே கா என்ற இன மக்கள். மீன், கோகோ காய், விமானம், பென்ஸ் கார் என்று செய்து வைத்திருப்பார்களே, அந்தப் பட்டறைகள். சேத் கானே குவே என்ற தச்சர் பிரபலமாக்கிய வேலை. 1989இல் பாரிஸ் பொம்பிடூ கலை மையம் வரைக்கும் போய்விட்டது. இங்கே வருகிற சுற்றுலாக்காரர்கள் அதைப் பொம்மை என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள்.

நான் பார்த்தது மீனவர் ஒருவருடைய அடக்கம். சங்கரா மீன் மாதிரி சிவப்பாக ஒரு பெட்டி, செதில் செதிலாக வரைந்திருந்தார்கள். முதுகுதான் மூடி. உள்ளே வெள்ளை லேஸ் துணி. இளைஞர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நின்றார்கள், பின்னால் வந்தார்கள், ஒரு சந்து முனையில் சுழற்றினார்கள். இறந்தவர் வீட்டுக்குத் திரும்பி வரும் வழி மறக்க வேண்டுமாம். சுழற்றும்போது மீன் வால் என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. பெயின்ட் வாசனை இன்னும் அடிக்கிறது. புதுப் பெயின்ட், காயவே இல்லை.

சில தேவாலயங்களில் மீனையும் காரையும் உள்ளே விடமாட்டார்கள். பைபிள் வடிவப் பெட்டி என்றால் விடுவார்கள். பட்டறைக்காரர் சொல்லிச் சிரித்தார்.

சவன்னா:
கானா என்று தலைப்பு வைத்துவிட்டு அக்ரா, குமாசி இரண்டோடு நிறுத்திவிடுகிறீர்கள். எப்போதும் இதே கதைதான். வடக்கில் தமாலே பக்கம் வந்து பாருங்கள். தக்பம்பா மக்களில் முஸ்லிம்கள் அதிகம், இறந்த அன்றே அடக்கம் முடிந்துவிடும். பிணவறை வாடகைப் பேச்சே கிடையாது. சொத்தும் பதவியும் அப்பா வழி. ஆகவே குமாசிவாசி எழுதியது அகான் வழக்கம், கானா வழக்கம் இல்லை.

ஆனால் அரசர் என்றால் கதை வேறு. தக்பம்பா மக்களின் தக்போன் நாட்டு அரசர் யா-நா (அரசர் பட்டம்) யாகுபு அந்தானி 2002 மார்ச்சில் தலைநகர் யெண்டியில் கொல்லப்பட்டார், அவரோடு இன்னும் பலர். அபுடு, அந்தானி என்று இரண்டு அரச கிளைகள், முறை வைத்து ஆள வேண்டியவை. அந்தச் சண்டையில் அவரை அடக்கம் செய்யவே 2006 ஆகிவிட்டது. அதோடு முடிந்ததா? 1988இல் இறந்த முந்தைய அரசர் மகமது அப்துலாயின் கடைசிச் சடங்கும் பாக்கி கிடந்தது, அவர் பதவி பறிக்கப்பட்டவர் என்பதால் எதிர்க்கிளை விடவில்லை. பாக்கிச் சடங்கு முடியாமல் அடுத்தவரைத் தோல்மீது உட்கார வைக்க முடியாது (அங்கே அரியணை கிடையாது, விலங்குத் தோல்). 2018 டிசம்பரில் ஒருவருக்கு, 2019 ஜனவரியில் இன்னொருவருக்கு என்று முடித்துத்தான் புதிய யா-நா வந்தார்.

அந்த ஜனவரியில் யெண்டியில் இருந்தேன். நாட்டுத் துப்பாக்கி வெடிச் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. தெருவில் ஒரு கிழவர், கையில் வெடிமருந்துக் கறை, அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. அவர் முகம்தான் நினைவில் நிற்கிறது, அரசர் முகம் இல்லை.

மல்லிகா அக்ரா:
சவன்னா அண்ணா, கோபப்படாதீர்கள். அந்தத் தகராறைத் தீர்த்து வைத்த மூன்று அரசர்கள் குழுவுக்குத் தலைவரே குமாசியின் அசாந்தி அரசர்தான்!

என் அனுபவம் சின்னது. சனிக்கிழமை ஒரு சாவு வீடு, மேஜையில் நன்கொடை கொடுத்தேன், ரசீது கிழித்துக் கொடுத்தார்கள். உட்காரக்கூட இல்லை, ஒலிபெருக்கியில் என் பெயர், கணவர் அலுவலகம், தொகை எல்லாம் முழங்கிவிட்டது. மொத்தப் பந்தலும் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயம். கருப்பு போதும். நெருங்கிய உறவுதான் சிவப்பு சேர்க்கும். மிக வயதானவர் இறந்தால் வெள்ளையும் கருப்பும் கலந்து உடுத்துவார்கள், சுவரொட்டியைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். பெரியவர் என்றால் ‘கால் டு குளோரி’, சின்ன வயது என்றால் ‘வாட் எ ஷாக்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே போனதும் வரிசையாக எல்லோருக்கும் கை கொடுக்க வேண்டும், வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாக, வலது கையால் மட்டும். இடது கை எங்கேயும் நீளக்கூடாது, பணம் கொடுக்கும்போதும்தான். நடுவில் ஒருவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குத் தாவாதீர்கள். கை கொடுத்து முடித்து உட்காருங்கள், அப்புறம் அவர்கள் உங்களிடம் வருவார்கள். வீட்டுக்குள் அழைத்தால் முதலில் தண்ணீர், பிறகுதான் வந்த விஷயம் கேட்பார்கள். தெரிந்தே இருந்தாலும் கேட்பார்கள், நீங்களும் முறையாகச் சொல்ல வேண்டும். ரசீதில் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா பாருங்கள், ஒலிபெருக்கியில் அதைத்தான் படிப்பார்கள். ஃபுஃபு (களி உருண்டை மாதிரி) கொடுத்தால் மெல்லாதீர்கள், விழுங்க வேண்டும். முடியாதவர்கள் ஜொல்லோஃப் சோறு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை குமாசி சாலையில் அவசர வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிறு நன்றி வழிபாட்டுக்கு வேறு உடை. வெள்ளையில் கருப்புப் பூப்போட்ட துணி ஒன்று எப்போதும் பீரோவில் இருக்கட்டும்.

தேமா துறை:
அக்கா, யாரும் கேட்கவில்லையே :) ஆனால் சேமித்து வைத்துக்கொண்டேன்.

பழைய கணக்குப்பிள்ளை:
குமாசிவாசி, உங்கள் நண்பருக்குச் சட்டம் இருக்கிறது. ராலிங்ஸ் ஆட்சியில் 1985இல் வந்த வாரிசுச் சட்டம், எண் 111. உயில் எழுதாமல் இறந்தால் வீட்டுச் சாமான்கள், குடியிருந்த வீடு மனைவி மக்களுக்கு. மிச்சத்தில் 16இல் 3 பங்கு மனைவிக்கு, 9 பங்கு பிள்ளைகளுக்கு, பெற்றோருக்கு எட்டில் ஒன்று, வழக்கப்படி குடும்பத்துக்கு எட்டில் ஒன்று. விதவைகளைச் சாவுச் சடங்கு முடிந்த கையோடு வீட்டைவிட்டுத் துரத்திய காலம் ஒன்று இருந்தது, அதற்காகத்தான் கொண்டுவந்தார்கள். நண்பர் வழக்கறிஞரைப் பார்க்கட்டும். தாமதிக்க வேண்டாம், ரசீதுகளைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள், வீட்டு வரிச் சீட்டும் முக்கியம்.

சொந்த அனுபவம் என்றால், ஒரு ட்ரோட்ரோ (பயணிகள் வேன்) வண்டியின் பின்கண்ணாடியில் ‘அபுசுவா டோ ஃபுன்’ என்று எழுதியிருந்தது. குடும்பத்துக்குப் பிணம்தான் பிடிக்கும் என்று ஓட்டுநர் விளக்கினார். உயிரோடு இருக்கும்போது மருந்துக்குக் காசு வராது, செத்தால் பந்தல் வரும் என்றார். அன்றைக்கு அவர் ஓட்டியதும் ஒரு சாவுக்குத்தான், அவருடைய தாய்மாமன் சாவு.

சவன்னா:
இந்தச் சட்டம் எல்லாம் ஊரில் எடுபடுமா? சொல்லுங்கள்.

குமாசிவாசி:
எடுபடும், நகரத்தில் நிறையப் பேர் இதை வைத்தே வாங்கியிருக்கிறார்கள். ஆனால் சட்டம் இறந்தவர் சொந்தமாகச் சம்பாதித்ததற்குத்தான். என் நண்பர் விஷயத்தில் நிலம் அபுசுவாவுடையது (தாய்வழிக் குடும்பம்), அதன்மேல் சுவர் எழுப்பியது அப்பா. அதனால் பேச்சுவார்த்தை ஓடுகிறது. பெரியவர்கள் வழியாகத்தான், நீதிமன்றம் போகவில்லை. சவன்னா, நீங்கள் சொன்னது சரி, தலைப்பில் அகான் என்று போட்டிருக்கலாம். இனி மாற்ற முடியாது.

அடக்கம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லவில்லை. வழிபாடு முடிந்து அதே முற்றத்தில் கணக்குப் பார்த்தார்கள். பந்தல், வாத்தியம், சாப்பாடு, பிணவறை வாடகை எல்லாம் சேர்ந்த செலவுக்கு நன்கொடை பக்கத்தில்கூட வரவில்லை. துண்டு விழுந்ததைக் குடும்பத்தாருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பெயர் பெயராக வாசித்தார்கள். என் நண்பர் பெயர் வரவே இல்லை. அவர்தான் அந்தக் குடும்பம் இல்லையே. பெட்டி வாங்கிக் கொடுத்ததோடு அவர் கணக்கு தீர்ந்தது. பெரிய பங்கு அத்தை மகன் தலையில் விழுந்தது. சாயங்காலம் அந்த அத்தை மகன் என் நண்பரைத் தனியாகக் கூப்பிட்டுக் கடன் கேட்டிருக்கிறார். இவரும் கொடுத்துவிட்டார்.