முதல் படத்தைவிட இரண்டாவது ஏன் பிடிக்கிறது?

சத்துவாச்சாரி வாசகர்:
2003இல் ஜான் சிங்கிள்டன் இயக்கிய '2 ஃபாஸ்ட் 2 ஃபியூரியஸ்' என்ற கார் பந்தயப் படத்தில், முதல் பாகத்தில் நடித்த வின் டீசலும் இல்லை, கதையென்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆயினும் தொலைக்காட்சியில் எப்போது வந்தாலும் முழுவதும் பார்த்துவிட்டே எழுந்திருக்கிறேன். இந்த ஈர்ப்புக்கு என்ன காரணம்?

காட்பாடி அண்ணன்:
தம்பி, அந்தப் படம் தன்னைப் பெரிதாக எண்ணிக்கொள்வதில்லை என்பதே முதற்காரணம். முதற்பந்தயத்திலேயே நீலக் கோடிட்ட வெள்ளி நிற ஸ்கைலைன் கார், மேலெழும் பாலத்தைத் தாண்டிக் குதிக்கிறது. அதன்பிறகு நாம் தர்க்கம் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். நாயகர்களான பால் வாக்கரும் டைரீஸ் கிப்சனும் ஓயாமல் சண்டையிட்டுக்கொள்வது, பள்ளித் தோழர்கள் இருவர் ஒரே பைக்கில் ஏறிக்கொண்டு வழிநெடுக வாதாடுவதைப் போலவே இருக்கிறது. போலீசார் சூழ்ந்த கிடங்கின் கதவுகள் திறந்து, கார்கள் கூட்டமாகச் சீறி வெளிவரும் காட்சிக்காகவே நான் மறுபடியும் பார்ப்பேன்.

ராணிப்பேட்டை மெக்கானிக்:
காரின் வேகத்தைச் சட்டெனக் கூட்டும் நைட்ரஸ் பொத்தானை அழுத்தியதும் சாலையே மங்கிப்போவது மிகை. ஆனால் அதன் அடிப்படை உண்மை: நைட்ரஸ் ஆக்சைடு எஞ்சினின் வெப்பத்தில் பிரிந்து கூடுதல் ஆக்சிஜனைத் தருவதால், அதற்கேற்பக் கூடுதல் எரிபொருளை எரிக்க முடிகிறது, எரிபொருளின் அளவு குறைந்தால் பிஸ்டனே உருகிவிடக்கூடும். இறுதியில் கார் உல்லாசப் படகின் மேல் பாய்வதற்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை.

சத்துவாச்சாரி வாசகர்:
நன்றி அண்ணா. வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலில் முதல் கியரிலேயே அரை மணி நேரம் ஊர்ந்து வீடு திரும்புகிறவனுக்கு, மயாமியின் வெறிச்சோடிய இரவுச் சாலைகளே போதும் என்று தோன்றுகிறது.