சின்ன வயசு மரியோ, கான்ட்ரா இப்ப ஏன் இவ்வளவு வேகமா ஓடுது?

தகடூர்வாசி (தருமபுரி)
டிவி கேம் பெட்டியில ஆடின மரியோவையும் கான்ட்ராவையும் லேப்டாப்ல ரெட்ரோஆர்க் (பழைய கேம் ஓட்டுற மென்பொருள்), அதுக்குள்ள நெஸ்டோபியா கோர் (பழைய பெட்டி மாதிரி நடிக்கிற எமுலேட்டர்) போட்டு, எச்டிஎம்ஐ வழியா எல்இடி டிவியில ஓட்டுறேன். ரெண்டும் பழசை விட வேகமா ஓடுது, பாட்டு கூட அவசரமா வருது. கான்ட்ராவுல ரெண்டு பேர் ஆடும்போது ஆளுங்க மினுக்கி மினுக்கி மறையுறாங்க. ஜம்ப் அழுத்தினா ஒரு நொடி யோசிச்சு குதிக்கிற மாதிரி இருக்கு. கேமே இப்படித்தானா, இல்ல என் செட்டிங் கோளாறா? பழைய பெட்டியும் கேசட்டும் பரண்ல இருக்கு, போட்டா வெள்ளைத் திரைதான்.

பாலக்கோடு_8பிட்
வேகம் உங்க மனப்பிரமை இல்லைங்க. நம்ம ஊர் பழைய டிவி 'பால்' (PAL) முறை, நொடிக்கு 50 தடவை படம் மாறும், கேமுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு ஃபிரேம். இங்க வித்த குளோன் பெட்டிகள் (நிண்டெண்டோ பெட்டியைப் பாத்து செஞ்ச நகல்) பெரும்பாலும் 60 ஃபிரேமுக்கு எழுதின ஜப்பான், அமெரிக்க கேம்களை அப்படியே 50-ல ஓட்டுச்சு. அதாவது ஆறுல அஞ்சு பங்கு வேகம். மரியோவோட கடிகாரத்துல ஒரு எண் குறைய 24 ஃபிரேம் ஆகும். அப்ப 400-ங்கிறது 60-ல 160 நொடி, நம்ம பெட்டியில 192 நொடி. அரை நிமிஷம் கூடுதலா வச்சு ஆடிப் பழகின கை இது, இப்ப தடுமாறத்தான் செய்யும்.

கோர் ஆப்ஷன்ஸ்ல சிஸ்டம் ரீஜனை 'டெண்டி'ன்னு (ரஷ்யாவுல வித்த 50 ஃபிரேம் குளோன்) மாத்தி, கேமை மூடித் திறங்க. 'பால்' போட்டுடாதீங்க. அதுல சிப்போட வேகமும் இறங்கும், பாட்டு ஏறக்குறைய அரை சுரம் கீழ போகும். டெண்டியில சுருதி கிட்டத்தட்ட அப்படியே நிக்கும், தாளம் மட்டும் மெதுவாகும். காதுல வச்சிருக்கிற பாட்டு அதுதான். லேப்டாப் டிஸ்பிளேயில டிவிக்கு 50 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்க, இல்லன்னா திரை நகரும்போது வெட்டி வெட்டி இழுக்கும்.

கிருஷ்ணகிரி_மாங்கா
மினுக்கல் மட்டும் அசல் குறை. அன்னைக்கும் இருந்துச்சு, சின்னத் திரையில யாரும் கண்டுக்கல. அந்த வீடியோ சிப் ஒரே கிடைக்கோட்டுல எட்டு ஸ்பிரைட்தான் (ஆளு, குண்டு வரையுற சின்னப் படத்துண்டு) காட்டும். ஒரு ஆளு அகலத்துக்கு குறைஞ்சது ரெண்டு. ரெண்டு வீரர், ரெண்டு எதிரி ஒரே மட்டத்துல நின்னாலே எட்டு தீர்ந்துபோச்சு, குண்டுக்கு இடமில்ல. ஒருத்தரையே முழுசா மறைக்காம ஃபிரேமுக்கு ஒருத்தரா மாத்தி மாத்தி விடுறதுதான் மினுக்கல். 'ரிமூவ் ஸ்பிரைட் லிமிட்' ஆன் பண்ணா போயிடும். சில கேம் இந்த எட்டு கணக்கை வச்சே ஆளை மறைக்கும், அதுல மட்டும் ஆஃப் பண்ணிடுங்க.

தாமதம் டிவியால. டிவியில கேம் மோடு போடுங்க, முக்கால்வாசி அதுலயே சரியாகும். மீதிக்கு ரெட்ரோஆர்க்கோட லேட்டன்சி மெனுவுல ரன் அஹெட் (கேமை முன்கூட்டியே ஓட்டிப் பாத்து தாமதத்தைக் குறைக்கிற வசதி) 1 ஃபிரேம். அதுக்கு மேல ஏத்தினா மரியோ விட்டு விட்டு தாவுவான்.

கேமோட குறையும் சொல்லணும்ல. மரியோவுல திரை பின்னாடி போகாது, விட்ட காளான் விட்டதுதான். 5-3 (அஞ்சாம் உலகம், மூணாவது ஸ்டேஜ்) பாத்தா 1-3-யே கொஞ்சம் கடினமாக்கினது, 5-4-ல 2-4, 6-4-ல 1-4. மொத்த கேமும் 40 கிலோபைட், வேற எங்க இடம்? 4-4, 7-4 கோட்டையில தப்பு வழி போனா சொல்லாமலே சுத்த விடும். அது எனக்கு இன்னைக்கும் அழுகுணி ஆட்டம்தான். செத்து டைட்டிலுக்கு வந்தா ஏ-வை அழுத்திட்டே ஸ்டார்ட் கொடுங்க, அதே உலகத்தோட முதல் ஸ்டேஜ்ல இருந்து தொடங்கும்.

ஓசூர்_சால்டரிங்
வெள்ளைத் திரைக்கு முதல் சந்தேகம் கேசட்டோட 60 பின் மேல. வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரத்துல பச்சை பிடிக்கும். 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், செல்போன் ரிப்பேர் கடையில கிடைக்கும், பெங்களூர் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுக்கு பஸ் ஏற வேணாம். காது பஞ்சுக் குச்சியில நனைச்சு ரெண்டு பக்கமும் தேய்ங்க, காய விட்டு மாட்டுங்க. கருப்பு விடாப்பிடியா இருந்தா பென்சில் ரப்பர். உப்புக்காகிதம் வேண்டவே வேண்டாம், மேல் பூச்சு போயிடும்.

அப்புறம் அடாப்டர். பெட்டிக்குப் பெட்டி நடுமுனை பிளஸ்ஸா மைனஸான்னு மாறும், பெட்டி மேல இருக்கிற படத்தைப் பாத்து மாட்டுங்க. பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர் 9 வோல்ட்னு எழுதியிருந்தாலும் லோடு இல்லாம 12-க்கு மேல காட்டும். உள்ள இருக்கிற 7805 (5 வோல்ட்டா இறக்குற மூணு கால் ஐசி) அந்த மிச்சத்தை எல்லாம் சூடாத்தான் கழிக்கணும். எழுத்து தெரியுற பக்கம் பாத்து, நடு காலுக்கும் வலது காலுக்கும் நடுவுல 5 வோல்ட் வருதான்னு மீட்டர்ல பாருங்க. வரலைன்னா அந்த ஐசிதான், சில்லறை விலை. 5 வருது, கேசட்டும் சுத்தம், இன்னும் வெள்ளைன்னா வேற கேசட் போட்டுப் பாருங்க. கேசட்டுக்குள்ள கருப்பு மெழுகு மாதிரி மூடின சிப் செத்திருந்தா ரிப்பேர் கிடையாது.

தகடூர்வாசி
டெண்டி போட்டேன், பாட்டு அதேதாங்க! கேம் மோடும் போட்டாச்சு. பெட்டியோட வாத்து சுடுற துப்பாக்கியும் இருக்கு, இந்த எல்இடியில வேலை செய்யுமா?

ஓசூர்_சால்டரிங்
செய்யாது. டிரிகர் இழுத்ததும் திரை கருப்பாகி, வாத்து இருந்த இடத்துல வெள்ளைக் கட்டம் ஒரு கணம் வரும், துப்பாக்கி அந்த வெளிச்சத்தைத் தேடும். எல்இடியில அது பிந்தி வரும், அதுக்குள்ள 'மிஸ்' போட்டுடும். பழைய பிக்சர் டியூப் டிவி வீட்டுல இருந்தா காயலான் கடைக்குப் போடாதீங்க.