தவக்கால மீன் வறுவலுக்கு ஆள் வர என்ன செய்வது? (சண்டை போடாமல் பதில் சொல்லவும்)

ஒஹையோ_ஜெரி:
எங்கள் கல்லூரியில் இருக்கிற நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் (கத்தோலிக்க ஆண்கள் சங்கம்) கவுன்சிலில், அதாவது கிளையில், இந்த வருடம் நிகழ்ச்சிப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. இங்கே நாலைந்து பேர் வெவ்வேறு கல்லூரிக் கவுன்சில்களில் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால்தான் கேட்கிறேன். போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மீன் வறுவல் போட்டோம். எண்பது பேருக்கு மீன் வாங்கினோம், வந்தது முப்பத்தொரு பேர், அதிலும் பத்தொன்பது பேர் நாங்களே. மிச்ச மீனை மூன்று நாள் சூடு பண்ணித் தின்றோம், அந்த வாடைக்கு என் ரூம்மேட் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. 2026இல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 18, நாள் நெருங்கிவிட்டது. விளம்பரம்தான் பத்தவில்லை, ரீல்ஸ் போடு, வளாகம் முழுக்க ஒட்டு என்கிறான் கிராண்ட் நைட் (தலைவர்தான், எங்கள் சங்கத்தில் எல்லாப் பதவிக்கும் ராஜா காலத்துப் பெயர்). போஸ்டரும் அவனே செய்துவிட்டான்: ஒரு வாள், இறகு வைத்த தொப்பி, அடியில் சின்னதாக ஒரு மீன். குறை விளம்பரத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் பக்கம் எப்படி?

முட்டத்தான்:
அதற்கு முன்னால் ஒரு கேள்வி. தவக்காலத்தில் மீன் விருந்தா? எங்கள் வீடு கடலுக்குப் போகிற வீடு, ஆனாலும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை அம்மா அடுப்பில் கவுச்சி ஏறாது. வெள்ளிக்கிழமை என்றால் சுத்தபோசனம் (கவுச்சி இல்லாத சாப்பாடு), பெரிய வெள்ளி ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் சாப்பிடும் நோன்பு). நீங்கள் மீனை மாவில் முக்கிப் பொரித்து, பக்கத்தில் சீஸ் மெக்ரோனி வைத்து, அதை ரீல்ஸ் எடுத்தும் போடப் போகிறீர்கள். ஆள் வரவில்லை என்று வருத்தம் வேறு.

பழைய_வார்டன்:
தம்பி முட்டத்தான், திருச்சபைச் சட்டப்படி இறைச்சிதான் கூடாது, மீன் கூடும். அமெரிக்காவில் பல பங்குக் கோவில்களில் தவக்கால வெள்ளி மாலை என்றாலே மீன் வறுவல்தான், வரிசை வெளியே பார்க்கிங் வரைக்கும் நிற்கும். ஆகவே அந்தச் சண்டையை விடு.

ஜெரி, விளம்பரத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகக் கவுன்சில், எண் 1477, 1910இல் தொடங்கியது, கல்லூரிக் கவுன்சில்களில் அதுதான் முதல். சொந்த மைதானத்தில் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் நடக்கிற சனிக்கிழமைகளில் கட்டடத்துக்கு வெளியே அடுப்பு போட்டு ஸ்டேக் சாண்ட்விச் விற்பார்கள், வருகிற பணம் தர்மத்துக்குப் போகும். ஆட்டத்துக்கு வந்த கூட்டம் அந்தப் பக்கம் நடக்கும்போது புகை மூக்கில் ஏறினால் போதும், அதற்கு மேல் எந்தப் போஸ்டர் வேண்டும்? அதே இடம், அதே நாள், வருடா வருடம். நீங்கள் வருடத்துக்கு ஒரு தடவை ஏதோ ஒரு அடித்தளத்தில் போட்டுவிட்டு யாருக்கும் தெரியவில்லை என்றால் எப்படித் தெரியும்?

டிஜிட்டல்_தம்பி:
அண்ணே, அங்கே மைதானத்தில் எழுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். எங்கள் கல்லூரியில் ஃபுட்பால் அணியே கிடையாது. புகைக்கு நான் எங்கே போக?

ஜெரி, உங்கள் கிராண்ட் நைட் சொல்வதில் பாதி சரி. நம்மை வெளியே யாருக்கும் தெரியாது, தெரிந்தவர்களும் ரகசியச் சங்கம் என்று நினைக்கிறார்கள். அப்படி நினைக்க வைத்ததும் நாம்தான், சேரும் சடங்கை மூடிய கதவுக்குள்ளேதானே நடத்திக்கொண்டிருந்தோம். 2020இல்தான் உறுப்பினர்களின் முதல் மூன்று நிலைகளுக்கான சடங்குகளையும் ஒன்றாக்கி, குடும்பத்தோடு வந்து பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட நாம் இன்னும் ஆளுக்கு ஆள் காதில் சொல்லிக் கூப்பிட்டால் வருவது நம் சிநேகிதர்கள் மட்டும்தான். மலையாளி மலையாளியைக் கூப்பிடுவான், ஹாக்கி ஆடுகிறவன் ஹாக்கிக்காரனைக் கூப்பிடுவான். நான் நடுவில் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவன், ஒரு முகம் தெரியாது. நூலகத்து வாசலில் தரையில் யாரோ சாக்பீஸால் அம்புக்குறி போட்டு, சாப்பாடு இந்தப் பக்கம் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அது விளம்பரம் இல்லாமல் வேறு என்ன?

நியூமன்_அக்கா:
நான் ஒரு பெண், எனக்கு இதில் உறுப்பினராக முடியாது, 18 வயது முடிந்த கத்தோலிக்க ஆண்களுக்கு மட்டும் என்பது விதி. சரி, அதை இன்றைக்கு விட்டுவிடுவோம். ஆனால் எங்கள் நியூமன் சென்டரில் (வளாகத்துக் கத்தோலிக்க மாணவர் மையம்) ஞாயிறு மாலைப் பூசைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். நீங்கள் ஒட்டுகிற காகிதத்திலோ "சகோதரர்களே" என்று இருக்கிறது, பக்கத்தில் வாள். அதைப் பார்த்தால் எங்களைக் கூப்பிடவில்லை என்றுதான் நினைப்போம். அப்புறம் வியாழக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஒரு மெசேஜ் வரும், "நாளைக்கு முட்டைக்கோஸ் நறுக்க ஆள் வேண்டும், வர முடியுமா அக்கா?" இரண்டு வருடம் நறுக்கினேன். ஒரு தடவைகூடத் திட்டம் போடுகிற கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. ஜெரி, வராமல் போன ஐம்பது பேர் யார் என்று யோசித்தீர்களா?

ஒஹையோ_ஜெரி:
அக்கா, நியாயம்தான். அந்த முட்டைக்கோஸ் மெசேஜ் நானும் அனுப்பியிருக்கிறேன், மன்னிக்கணும். தொப்பியைப் பற்றி ஒரு வேடிக்கை: சங்கச் சீருடையில் இருந்த அந்த இறகுத் தொப்பியை எடுத்துவிட்டுத் தட்டையான பெரே தொப்பி கொண்டுவருவதாக 2017லேயே அறிவித்துவிட்டார்கள். நம்மாள் கூகுளில் தேடி முதலில் வந்த படத்தை ஒட்டிவிட்டான்.

பழைய_வார்டன்:
டிஜிட்டல்_தம்பி சொன்ன அம்புக்குறியை ஒத்துக்கொள்கிறேன், அது நல்ல யோசனை. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. இந்த மீன் வறுவல் எதற்கு? ஆள் பிடிக்கவா, சோறு போடவா? நான் பொறுப்பில் இருந்தபோது ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் உறுப்பினர் படிவம் வைத்தோம். ஒரு பையன் எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டான், படிவத்தில் கட்டைவிரல் ரேகையே பதிந்திருந்தது. அடுத்த கூட்டத்துக்கு அவன் வரவில்லை, அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. அதே வருடம் டூட்ஸி ரோல் மிட்டாய் கொடுத்து, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்காகக் கடை வாசலில் மஞ்சள் அங்கி மாட்டிக்கொண்டு காசு சேர்த்தோம். அங்கே எங்களோடு சேரச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. மூன்று பேர் தாங்களாகவே வந்து நீங்கள் யார் என்று கேட்டார்கள், மூன்று பேருமே பின்னால் பதவிக்கு வந்தார்கள். ஃபாதர் மெக்கிவ்னி 1882இல் நியூ ஹேவனில் இதைத் தொடங்கியது, குடும்பத்தலைவன் செத்தால் மனைவி மக்கள் தெருவில் நிற்கக்கூடாது என்று. நாம் என்னடா என்றால் தலை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

டிஜிட்டல்_தம்பி:
அண்ணே, அவரும் ஆள் சேர்த்துத்தானே தொடங்கினார்? கல்லூரிக் கவுன்சிலில் நாலு வருடத்தில் மொத்தப் பேரும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். தலை எண்ணாவிட்டால் ஐந்தாவது வருடம் மஞ்சள் அங்கி மாட்ட யார் இருப்பார்?

முட்டத்தான்:
மீனே வேண்டாம். சிலுவைப்பாதை வழிபாடு முடிந்ததும் கஞ்சி ஊற்றுங்கள், ஒரு துவையல் போதும். செலவும் கம்மி, தவமும் ஆச்சு. கஞ்சிக்கு ரீல்ஸ் எடுங்கள் பார்க்கலாம்.

டிஜிட்டல்_தம்பி:
எடுப்பேன்.

நியூமன்_அக்கா:
இன்னொன்று. இந்த வருடம் ரமலானும் கிட்டத்தட்ட அதே நாளில்தான் தொடங்குகிறது. என் லேபில் இருக்கிற பெண்ணைக் கூப்பிடலாம் என்று பார்த்தால் நீங்கள் ஐந்து மணிக்கே பரிமாற ஆரம்பிக்கிறீர்கள். ஏழு மணி வரைக்கும் அடுப்பு எரிந்தால் அவளும் வருவாள், லேப் முடிந்து வருகிற மற்றவர்களும் வருவார்கள். போன வருடம் நான் ஆறரைக்கு வந்தபோது நீங்கள் மேசை துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

ஒஹையோ_ஜெரி:
இதை யாருமே சொல்லவில்லை! ஆறு மணிக்கே மூடினோம், வரிசை இல்லை என்று.

சரி, கிராண்ட் நைட்டிடம் பேசிவிட்டேன். வாள் போகிறது (முகம் சுண்டிவிட்டது அவனுக்கு). பெண்கள் குழுவோடு சேர்ந்து திட்டம், முதல் கூட்டம் இந்த ஞாயிறு பூசைக்கு அப்புறம். ஆறு வெள்ளியும் வேண்டும் என்றான், இரண்டில் நிறுத்தியிருக்கிறேன், முதல் வாரம் மீன், கடைசி வாரம் கஞ்சி. தட்டுக்குப் பக்கத்தில் படிவம் வேண்டாம் என்றதற்கு மட்டும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை, இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது. கட்டடத்துக்குள் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாதாம், வெளியே வைக்க அனுமதி கேட்டிருக்கிறேன். பிப்ரவரிக் குளிரில் யார் நிற்பது என்பது தனிப் பிரச்சினை. நாற்பது பேருக்கு உறைந்த திலாப்பியா (நம்மூர் ஜிலேபி மீன்) சொல்லிவிட்டேன்.

முட்டத்தான்:
திலாப்பியாவா? அப்படியானால் அது ஒருசந்தியேதான். என் எதிர்ப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.