மான்டிப்போரா பவளத் துண்டுகள் மட்டும் அடியிலிருந்து வெள்ளையாகின்றன. தண்ணீர்க் கணக்கெல்லாம் சரி, எங்கே தப்பு?

சிங்கைத்தொட்டி

வணக்கம். சிங்கப்பூரில் எச்.டி.பி. (அரசு அடுக்குமாடி) வீடு, மூன்றடித் தொட்டி. சம்ப்போடு (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) சேர்த்து சுமார் 200 லிட்டர், ஓட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. ஆரஞ்சு நிறத் தட்டு மான்டிப்போரா ஒன்று பெரிதாக வளர்ந்து, கீழே இருந்த பேர்ட்ஸ்நெஸ்ட் பவளத்துக்கு வெளிச்சமே விடவில்லை. ஐந்து வாரத்துக்கு முன்னால் விளிம்பை ஒடித்தேன். கட்டரே தேவைப்படவில்லை, அப்பளம் மாதிரி கையிலேயே ஒடிந்தது. ஒன்பது துண்டு. சூப்பர் க்ளூ ஜெல் வைத்து பிளக்கில் (துண்டு ஒட்டும் சின்ன அடிக்கட்டை) ஒட்டி, தாய்ப் பவளத்துக்குப் பக்கத்திலேயே ரேக்கில் வைத்தேன்.

முதல் இரண்டு வாரம் அருமை. ஒடித்த இடமெல்லாம் ஆறி, ஓரத்தில் வெளிறிய வளர்ச்சிக் கோடு வந்தது, பாலிப் எனும் குட்டி உயிர்கள் விரிந்தன. மூன்றாவது வாரத்தில் ஒரு துண்டு பிளக்கைத் தொடும் பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆரம்பித்தது. இப்போது மூன்று முழு எலும்பு, நான்கு பாதி. தாய்ப் பவளத்தின் அடிப்பக்கத்திலும் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு.

அளவுகள்: உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் பங்கு), வெப்பம் 26, ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 8.2 டி.கே.எச்., கால்சியம் 420, மக்னீசியம் 1320, நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.04. பேர்ட்ஸ்நெஸ்ட், டார்ச், சோவா என்று மற்ற பவள வகைகள் எல்லாம் ஜம்மென்று இருக்கின்றன. ராத்திரி தூக்கமில்லை, யாராவது சொல்லுங்கள்.

உப்புநீர்

ஆல்கலினிட்டி 8.2 என்பது எந்த நேரத்து அளவு? காலையில் டோசிங் (ஆல்கலினிட்டி, கால்சியக் கரைசல் சேர்ப்பது) முடிந்ததும் பார்த்தால் எல்லோருக்கும் நல்ல எண்தான் வரும் ப்ரோ. ஒரே நாளில் மூன்று தடவை பாருங்கள். ஒரு டி.கே.எச்.சுக்கு மேல் ஏறி இறங்கினால் அதுதான் காரணம்.

சிங்கைத்தொட்டி

பார்த்தேன். காலை 8.1, மதியம் 8.3, இரவு 8.1. டோசிங் பம்ப் கரைசலை 24 மணி நேரத்துக்குப் பிரித்து விடுகிறது.

ரீஃப்பாண்டி

லைட் எரித்திருக்கும். புது ஃப்ராக்கை (ஒடித்த துண்டை) நேரே மேல்தட்டில் வைத்தால் இப்படித்தான். ஒரு வாரம் கீழே மணலில் வையுங்கள். அப்புறம், உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை எதை வைத்து கேலிபரேட் செய்தீர்கள்? ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டு 35 பக்கமும் சரியாக இருக்கும் என்று நம்பி நானே ஒரு வருடம் ஏமாந்திருக்கிறேன்.

சிங்கைத்தொட்டி

அண்ணே, லைட் என்றால் மேல்பக்கம்தானே முதலில் வெளுக்கும்? இது நிழலில் இருக்கும் அடிப்பக்கத்தில் ஆரம்பிக்கிறது. ஆனால் ரிஃப்ராக்டோமீட்டரில் நீங்கள் சொன்னது சரி. 35 பி.பி.டி. கரைசல் வாங்கிச் சொட்டு விட்டுப் பார்த்தேன், 37 காட்டுகிறது! இத்தனை நாள் 35 என்று நினைத்து 33-ல் ஓட்டியிருக்கிறேன். இதுதான் காரணமா?

ரீஃப்பாண்டி

திருத்த வேண்டியதுதான், ஆனால் ஒரே நாளில் உப்பைக் கொட்டாதீர்கள். ஆவியாகும் நீருக்குப் பதிலாக நல்ல தண்ணீர் ஊற்றுகிறீர்கள் இல்லையா, அங்கே சில நாள் உப்புத் தண்ணீர் ஊற்றினால் போதும், மெதுவாக ஏறிவிடும்.

கடலோரம்

தம்பி, 33 என்பது கவனிக்க வேண்டியதுதான், ஆனால் உங்கள் துண்டுகளைத் தின்பது அது இல்லை. தண்ணீர் கெட்டால் எல்லோருக்கும் கெடும். பேர்ட்ஸ்நெஸ்ட் மான்டிப்போராவைவிடக் கோபக்காரி, அவள் சும்மா இருக்கும்போது இது மட்டும் ஏன் சாகிறது? அதுவும் அடியிலிருந்து?

ரெண்டு கேள்வி. கடந்த மூன்று மாதத்தில் வேறு மான்டிப்போரா ஏதாவது வாங்கினீர்களா? வாங்கியதை அதன் பிளக்கோடு அப்படியே வைத்தீர்களா?

இன்று லைட் அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, பாதி வெளுத்த துண்டு ஒன்றைத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய கிண்ணத்தில் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். டார்ச், பூதக்கண்ணாடி இரண்டும் வேண்டும். வெள்ளைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் இருக்கும் கோட்டைத்தான் பார்க்க வேண்டும், நடுவெள்ளையை அல்ல.

சிங்கைத்தொட்டி

அக்கா, இரண்டு மாதத்துக்கு முன்னால் பச்சை மான்டிப்போரா ஒன்று வாங்கினேன், ஊதா விளிம்பு. வீட்டில் வளர்த்து விற்பவரிடம். ஐந்து நிமிடம் டிப்பில் (பூச்சி போக்கும் மருந்துக் குளியல்) போட்டுவிட்டு பிளக்கோடு ரேக்கில் வைத்தேன்.

இப்போது மணி பதினொன்றரை. கவிழ்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, தேங்காய்த் துருவல் மாதிரி ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. ஊதித் தள்ளலாம் என்று பைப்பெட்டை நீட்டினேன், துருவல் நகர்ந்தது! முதுகு பூரா இறகு இறகாக, மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. நீங்கள் சொன்ன அந்தக் கோட்டிலேயே வரிசையாக நான்கு. பக்கத்தில் பொடித்த ஜவ்வரிசியை ஒட்டி வைத்தது போல் ஒரு பட்டை. வீட்டுக்காரி வீடியோ எடுத்துவிட்டு, இனி அந்தக் கிண்ணத்தில் தயிர் ஊற்றக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

கடலோரம்

மான்டிப்போரா தின்னும் நூடிபிராங்க், ஓடில்லாத கடல் நத்தை. அந்த ஜவ்வரிசி அதன் முட்டை. டிப் பெரியவற்றைத்தான் கொல்லும் அல்லது மயக்கி உதிர்க்கும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் டிப்பில் போட்ட அன்றைக்கு முட்டை பிளக்கின் அடியில் பத்திரமாக இருந்திருக்கும்.

இது மான்டிப்போராவைத் தவிர வேறெதையும் தின்னாது. அதுதான் நமக்கு வசதி. தொட்டியில் இருக்கும் எல்லா மான்டிப்போராவையும் எடுங்கள், தாய்ப் பவளத்தையும் அந்தப் பச்சையையும் சேர்த்து. ஒரு சின்னத் துண்டுகூட விடாதீர்கள். எட்டு வாரம் சாப்பாடு இல்லாமல் கிடந்தால் பெரிய தொட்டி சுத்தமாகிவிடும்.

எடுத்தவற்றுக்கு 20 லிட்டர் பெட்டி, சின்ன பம்ப், ஒரு லைட் போதும். நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் வேண்டாம், கிளிப் ஃபேன் வையுங்கள். ஆனால் ஃபேன் வைத்தால் தண்ணீர் மளமளவென்று ஆவியாகி உப்பு ஏறும், காலையும் மாலையும் ஆர்.ஓ. நீர் ஊற்றியே ஆக வேண்டும்.

பழைய பிளக்குகளைத் தூக்கிப் போடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் வெள்ளையை மட்டுமல்ல, அதை ஒட்டிய உயிருள்ள சதையிலும் சில மில்லிமீட்டர் சேர்த்து ஒடித்துவிட்டுப் புது பிளக்கில் ஒட்டுங்கள். டிப்பில் இருக்கும்போது பைப்பெட்டால் அடிப்பக்கத்தில் பலமாகப் பீய்ச்சுங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை, ஆறு வாரம். முட்டை பொரிந்து வருவது மறுபடி முட்டை இடுவதற்குள் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஒவ்வொரு முறையும் கவிழ்த்துப் பார்த்து, ஜவ்வரிசி தெரிந்தால் பிளேடால் சுரண்டி எடுங்கள்.

உப்புநீர்

சிக்ஸ்லைன் ராஸ் மீன் ஒன்று விட்டால் தின்றுவிடாதா?

கடலோரம்

கண்ணில் படுவதைத் தின்னும். தட்டுக்கு அடியில் இருப்பது அதன் கண்ணில் படாது. என்னிடமும் ஒன்று இருந்தது, நூடியும் இருந்தது.

நள்ளிரவுமீன்

எதற்கு இவ்வளவு பாடு? அந்தப் பச்சை இருந்த பாறையையே எடுத்துக் கொதிநீரில் போட்டு வேக வைத்தால் வேலை முடிந்தது.

ரீஃப்பாண்டி

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்! அவர் தொட்டியில் சோவா இருக்கிறது. சோவா, பாலித்தோவா இனத்தில் பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கலாம். ஹவாயில் ஒரு பாலித்தோவாவிலிருந்துதான் 1971-ல் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். பாறையை வேக வைத்து, அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. கொதிநீரை ஊற்றித் தேய்ப்பதும் அதே ஆபத்துதான். சோவா வெட்டும்போதுகூடக் கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சாறு கண்ணில் தெறிக்கும்.

முத்துநகர்

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். சிங்கை அண்ணே, எல்லாம் சரியானதும் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒரு ஃப்ராக் பாட்டிலில் போட்டு எனக்குக் கொண்டு வர முடியுமா? கட்டைவிரல் அளவு போதும்.

கடலோரம்

முடியாது தம்பி, ஆசைப்படாதீர்கள். எல்லை தாண்டினால் சைட்டிஸ் (அருகிவரும் உயிரின வணிக ஒப்பந்தம்) அனுமதி வேண்டும். இந்தியாவில் கல்பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. துண்டு வெட்டி வளர்ப்பதைப் பார்க்க ஆசையென்றால் அது உங்கள் ஊரிலேயே நடக்கிறது. சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002-லிருந்து மன்னார் வளைகுடாவில் பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் கட்டிக் கடலுக்கடியில் நட்டு வருகிறார்கள். நம்முடையது பிளக், அவர்களுடையது கான்கிரீட், வேலை ஒன்றுதான்.

முத்துநகர்

புலியா! சரி அக்கா, பாட்டிலை எடுத்து வைத்துவிட்டேன்.

சிங்கைத்தொட்டி

ஏழாவது வாரம், நிலவரம் சொல்கிறேன். முதல் டிப்பில் மட்டும் இருபத்தாறு நூடி விழுந்தது, இரண்டாவதில் ஒன்பது, மூன்றாவதில் இரண்டு. நான்காவதில் ஒன்றும் இல்லை என்று குதித்தேன், ஐந்தாவதில் ஒன்று வந்து நின்றது. அதற்குப் பிறகு நான்கு முறை பார்த்தாயிற்று, சுத்தம். நடுவில் ஒரு ஞாயிறு மாலை தண்ணீர் ஊற்ற மறந்து பெட்டியில் உப்பு 38-க்குப் போய்விட்டது. அதில் ஒரு துண்டு போனது என் தப்பு, நூடியின் தப்பு இல்லை. ஒன்பதில் நான்கு பிழைத்தன. தாய்ப் பவளத்தில் உள்ளங்கை அளவு மிச்சம். பச்சையைக் காப்பாற்ற முடியவில்லை.

நான்கிலும் சதை புது பிளக்கின் மேல் படர்ந்துவிட்டது. பெரிய தொட்டியில் உப்பு இப்போது நிஜமாகவே 35. நாளை திரும்ப வைத்துவிடலாமா அக்கா?

கடலோரம்

பெரிய தொட்டியிலிருந்து கடைசித் துண்டை எடுத்த தேதி என்ன? அதிலிருந்து எட்டு வாரத்தை எண்ணுங்கள். நடுவில் ஏதாவது விட்டுப்போன துண்டு பாறை இடுக்கில் வளர்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள், தட்டு ஒடிக்கும்போது தெறித்தவை அங்கேதான் போய் விழும்.

சிங்கைத்தொட்டி

பேர்ட்ஸ்நெஸ்டுக்குப் பின்னால், பட்டாணி அளவில், ஆரஞ்சு. உயிரோடுதான் இருக்கிறது. உளி எடுக்கப் போகிறேன்.