பழைய ஆலை, ஸ்ரோர், தொழிற்சாலை கடைத்தொகுதியாக மாறின அனுபவம்: வன்னிச் சனம் எழுதுங்கோ

ஆலைவளவு, பரந்தன்

எங்கட அரிசி ஆலையைக் கடைத்தொகுதியா மாத்தி வாற ஆவணியோட ஆறு வருசம். கிழமைக்கு ஒருத்தராவது போன் எடுத்துக் கேக்கினம். "அக்கா, எங்கட பழைய ஸ்ரோரும் சும்மா கிடக்கு. இடிச்சுப்போட்டு மாடி கட்டவோ, இருக்கிறதைத் திருத்தவோ?" எண்டு. இங்க ஒருக்கா எழுதிவிட்டால் எல்லாருக்கும் உதவும். உங்கட கதையையும் கீழ போடுங்கோ.

2008 கடைசியில சண்டைக்குள்ள ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள். 2010 இல திரும்பி வரேக்க கூரை இல்லை, மோட்டர் இல்லை, கதவு நிலை கூட இல்லை. சுவரும் புகைக்கூடும் நெல் அவிக்கிற தொட்டியளும் முன்னுக்குச் சீமெந்துக் களமும்தான் மிச்சம். அப்பா செருப்பைக் கழட்டிப்போட்டுக் களம் முழுக்க நடந்தார். வெடிப்பு எங்க கிடக்கெண்டு காலாலயே பாத்தார். "களத்துக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டுத்தான் தண்ணி கேட்டவர்.

ஆலையைத் திருப்பிப் போட்டம், நாலு போகம் ஓடினது. கலர் சோட்டர் (நிறம் பாத்து அரிசியைப் பிரிக்கிற மெசின்) வைச்ச பெரிய ஆலையளோட நிக்க ஏலாமல் போச்சு. அதுக்குப் பிறகுதான் கடைக் கதை வந்தது.

முதல் வந்த ஒப்பந்தகாரர் எல்லாத்தையும் இடிக்கச் சொன்னார். பிறகு அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில படிச்ச ஒரு தம்பி வந்து ரெண்டு நாள் அளந்தார். அவர் சொன்னது எனக்கு இண்டைக்கும் மனப்பாடம்: "அக்கா, 70 கிலோ மூடையைக் கூரை முட்ட அடுக்கினாலும் தாங்கட்டும் எண்டு போட்ட நிலம் இது. உடுப்புக்கடை இதுக்குப் பாரமே இல்லை. நடுவில ஒரு தூண் கூட இல்லை, கடையை எப்பிடியும் பிரிக்கலாம். ஆனா கூரைச் சட்டத்தில ஒண்டையும் தூக்கிக் கட்டாதேங்கோ. அது தகரத்துக்கு மட்டும் கணக்குப் பாத்த சட்டம்."

அந்தக் கடைசி வசனத்தைத்தான் நாங்கள் கேக்கேல்லை. உள் வேலை எடுத்தவர் "மோல் எண்டால் சீலிங் வேணும், ஏசி வேணும்" எண்டு நிண்டார். கூரை உச்சியில நெடுகப் போற காத்துத் திறப்பை மூடி, கீழ வெள்ளைச் சீலிங் அடிச்சம். வைகாசி வெயிலுக்கு உள்ளுக்கு நிக்க ஏலாது. கரண்ட் பில் கடைக்காரரின்ர வாடகையை மிஞ்சினது. மாரிக்குள்ள ஒரு பக்கச் சட்டம் வளையத் துடங்கினது. முதல் வருசத்திலயே அஞ்சு கடை சாமானைத் தூக்கிக்கொண்டு போச்சு. அவையில பிழை இல்லை.

சீலிங்கைக் கழட்டித் திறப்பைத் திறந்துவிட்ட அண்டு பின்னேரம் உள்ள நிண்ட எல்லாருக்கும் வித்தியாசம் தெரிஞ்சது. சூடு மேல ஏறி உச்சியால போக, கீழ வாசல் வழிய காத்து வந்தது. அவிச்ச நெல்லின்ர ஆவி போகவெண்டு அந்த நாளையில கட்டினது, இண்டைக்குச் சனத்துக்கு உதவுது. பழைய கட்டடத்தில ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு காரணம் இருக்கும். அது என்னெண்டு தெரியாமல் ஒண்டையும் மூடாதேங்கோ.

இன்னொண்டு. நெல்லு நனையக்கூடாதெண்டு ஆலை நிலத்தைக் களத்தில இருந்து மூண்டு அடி உயத்திக் கட்டினவை. 2018 மார்கழி வெள்ளத்தில எங்கட பக்கம் தண்ணி நிண்டபோதும் உள்ளுக்கு வரேல்லை. நல்லதுதான். ஆனா எங்கட ஊரில எத்தினை பேர் கால் இழந்தவை, எத்தினை பேர் சில்லுக் கதிரையில. மூண்டு படி வைச்சால் அவையளுக்கு அந்த வாசல் இல்லை எண்டுதான் அர்த்தம். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும் சாய்தளத்துக்கு. மூண்டு அடிக்கு 36 அடி. ரெண்டு கடை போட்டிருக்கக்கூடிய இடம் அதுக்குப் போச்சு. இந்த வளவில நான் செலவழிச்சதில மனம் நிறைஞ்ச செலவு அதுதான்.

முறிகண்டியான், லண்டன்

அக்கா, வாசிச்சு முடிக்க எனக்குக் களத்து வெயில் மணந்தது. நான் பாத்ததைச் சொல்லுறன்.

நான் இங்க வந்து முதல் வேலை செய்த இடம் பற்றர்சீயில. ரெயின் யன்னலால பாத்தால் நாலு வெள்ளைப் புகைக்கூடு, நடுவில கூரை இல்லாத பெரிய செங்கல் கட்டடம். நிலக்கரியில மின்சாரம் எடுத்த நிலையம், 1983 இல நிப்பாட்டினது. பிறகு கிட்டத்தட்ட 40 வருசம் ஒவ்வொருத்தரா வாங்கி, திட்டம் போட்டு, கைவிட்டவை. 2022 ஒக்ரோபர் 14 தான் கடைகளோட திறந்தது.

திறந்த கிழமை மனிசியையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போனன். ஒரு வயசாளி வெள்ளைக்காரர் சுவரில கையை வைச்சுக்கொண்டு கனநேரம் நிண்டார். என்னெண்டு கேட்டன். தன்ர தகப்பன் இங்க வேலை செய்தவராம், சின்ன வயசில சாப்பாடு கொண்டுவந்து குடுக்கிறவராம், உள்ளுக்கு விடமாட்டினமாம். "இப்பதான் உள்ள நிக்கிறன்" எண்டார். எனக்கு அப்பாவின்ர ஞாபகம் வந்திட்டுது.

புகைக்கூடுகள் உள்ளுக்குள்ள கெட்டுப்போய் இருந்ததால கழட்டிப்போட்டு அதே அளவில, அதே வடிவில திருப்பிக் கட்டினவை. ஒண்டுக்குள்ள லிப்ற் வைச்சு 109 மீற்றர் உயரத்துக்குச் சனத்தை ஏத்துகினம். ஆனா சனம் வந்ததுக்கு நான் காணுற காரணம் வேற. கடை திறக்க ஒரு வருசத்துக்கு முன்னமே, 2021 புரட்டாதியில, நிலக்கீழ் ரெயின் பாதையை அங்க வரைக்கும் நீட்டிப்போட்டினம். முந்தின திட்டங்கள் சரிவராத காலத்தில அந்தப் பாதை இல்லை. ஊரில செய்யிற ஆக்கள் முதல் பஸ் எங்க நிக்கும் எண்டு பாருங்கோ.

ஆலைவளவு, பரந்தன்

தம்பி, சரியாச் சொன்னீங்கள். மினிபஸ்காரரோட கதைச்சு எங்கட முடக்கில நிப்பாட்டப் பண்ண எங்களுக்கு எட்டு மாசம் போனது. அதுக்குப் பிறகுதான் பின்னேர யாவாரம் எண்டு ஒண்டு வந்தது.

கரடிப்போக்கு

நான் ஒண்டு மட்டும் எழுத வந்தன், நெருப்பைப் பற்றி.

2016 செப்ரெம்பர் 16 இரவு கிளிநொச்சிச் சந்தை எரிஞ்சபோது என்ர உடுப்புக்கடையும் அதுக்குள்ள. ரெண்டு கடைக்கு நடுவில ஒரு பலகைத் தட்டி. யாழ்ப்பாணத்தில இருந்து தீயணைப்பு வண்டி வரும் வரைக்கும் நாங்கள் வாளியோட நிண்டம். தீபாவளிக்கெண்டு கடனுக்கு எடுத்த சாமான். விடிய, இரும்பு அலுமாரிச் சட்டம் மட்டும் வளைஞ்சு நிண்டது.

அதால பழைய கட்டடத்தில கடை எடுக்கக் கேட்டால் நான் முதல் பாக்கிறது வெளிய போற வழி. மும்பையில கமலா மில்ஸ் எண்டு பழைய ஆலை வளவு, இப்ப முழுக்கச் சாப்பாட்டுக்கடையும் கந்தோரும். 2017 டிசம்பர் 29 நள்ளிரவு கடந்து மேல்தட்டு உணவகத்தில நெருப்பு. 14 பேர் செத்தவை. வழி தெரியாமல் கழிப்பறைப் பக்கம் ஒதுங்கினவையைப் புகை கொண்டுபோட்டுது. ஆலை கட்டின காலத்தில அதுக்குள்ள நூறு பேர், எல்லாருக்கும் வழி தெரியும். கடை எண்டால் உள்ள நிக்கிறவை முதல்நாள் வந்த சனம். அவைக்கு வாசல் தெரியாது. ரெண்டு கடைக்கு நடுவில கல்லுச் சுவர், எதிரும் புதிருமா ரெண்டு வாசல், பூட்டாத வாசல். இதில குறைச்சுப் பேரம் பேசாதேங்கோ.

நெளுக்குளம்

நான் இந்தியாவில முகாமில வளந்தனான். கோயம்புத்தூரில நூல் ஆலையில நாலு வருசம் வேலை. அவிநாசி ரோட்டில லட்சுமி மில்ஸ் எண்டால் ஒரு பஸ் தரிப்பிடத்தின்ர பேரே அது. 1910 இல துடங்கின ஆலை. 2023 இல அந்த வளவுக்குள்ள லூலு எண்ட பெரிய சுப்பர்மார்க்கெற் திறந்தது. அங்க இருக்கிற கூட்டாளி வீடியோ கோல் எடுத்துக் காட்டினான், எவ்வளவு சனம்!

அவன் காட்ட நான் கேட்டது, "ஷிப்ற் முடிஞ்சு வந்து ரீ குடிச்ச கடை நிக்குதோ?" எண்டுதான். மேல கரடிப்போக்கு எழுதின மும்பையில, லோயர் பரேலில, 1905 இல துடங்கின பீனிக்ஸ் மில்லும் இப்ப பெரிய மோல். 1982 இல அந்த நகரத்து ஆலையளில ரெண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தவை. ஆலையள் ஒவ்வொண்டாப் பூட்டுப்பட்டுது, நிலத்தின்ர விலை ஏறினது. வேலை செய்த சனத்துக்கு அந்த மோலில ஒரு நாள் சாமான் வாங்கக் கட்டுமோ? யாவாரம் வெற்றி எண்டு சொல்லேக்க இதையும் சேத்துத்தான் பாக்கவேணும் எண்டு நான் நினைக்கிறன்.

உப்புக்காத்து

ஆரோ ஒருத்தர் போன மாசம் என்னட்டக் கேட்டவர், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை வளவையும் மோல் ஆக்கினால் என்ன எண்டு. என்ர அப்பா அங்க வேலை செய்தவர். ஆனையிறவு உப்பில இருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடம். வேலையால வந்தால் அவரின்ர சேட் வேலியில தனியத்தான் காயும், எங்கட உடுப்போட அம்மா சேக்கமாட்டா. அந்த மணம் எனக்கு இப்பவும் தெரியும். அப்பிடியான நிலத்தைத் தோண்டி, மண்ணையும் கிணத்துத் தண்ணியையும் பரிசோதிச்சு முடிக்காமல் பிள்ளையள் விளையாடுற இடமா மாத்தக்கூடாது. அரிசி ஆலையில மிஞ்சினது உமி. எல்லா ஆலையும் ஒண்டில்லை.

மற்றது, எல்லாத்தையும் கடையாக்கவும் வேணாம். ஆனையிறவில 2025 மார்ச்சில உப்புத் தொழிற்சாலை திறந்தவை. ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் ஓடு சுடவேணும் எண்டுதான் எனக்கு ஆசை. வேலை குடுக்கக்கூடிய ஆலை வேலை குடுக்கட்டும். இனி ஓடவே ஓடாது எண்டதைக் கடைக்கு விடுங்கோ.

விசுவமடு, இப்ப ஜேர்மனி

ஒரு சின்னத் தகவல். இங்க இருந்து போலந்துக்கு வேலைக்குப் போகேக்க லொட்ஸ் நகரத்தில மனுபக்ருரா பாத்தனான். 19 ஆம் நூற்றாண்டுத் துணி ஆலை, சிவப்புச் செங்கல், 27 ஹெக்ரேயர் வளவு, 2006 இல மோலாத் திறந்தது. உள்ளுக்கு அந்த ஆலைக்கெண்டே ஒரு அருங்காட்சியகம் வைச்சிருக்கினம். நெளுக்குளம் அண்ணை கேட்ட கேள்விக்கு அது முழு விடை இல்லை, ஆனா அந்தச் சனத்தை மறக்கேல்லை. அக்கா, உங்கட ஆலையில வேலை செய்தவை இப்ப எங்க?

ஆலைவளவு, பரந்தன்

தங்கச்சி கேட்டதுக்குக் கட்டாயம் எழுதவேணும்.

களத்தை நாங்கள் தார் போடேல்லை, கல்லுப் பதிக்கேல்லை. மழைத்தண்ணி நிக்காமல் ஓடவெண்டு நடுவில சாடையா உயத்தி, நாலு பக்கமும் சரிச்சுக் கட்டின களம் அது. ஓரத்தில ஆறு சின்னக் கொட்டில். நாள் வாடகை மட்டும், முற்பணம் இல்லை. எங்கட ஆலையில வேலை செய்தவைக்கும் அவையின்ர பிள்ளையளுக்கும் முதல் உரிமை. நாலு பேர் வந்தவை. ஒராள் பொரிவிளாங்காய், ஒராள் பனங்கட்டி, ஒராள் சைக்கிள் திருத்திறவர், மற்றது எங்கட நெல்லுக் கிளறின ஆச்சி. ஆச்சி இப்ப பச்சையரிசி மாவும் ஒடியல் மாவும் விக்கிறா. உள்ளுக்கு இருக்கிற பெரிய கடைக்காரர் முதல் முகம் சுளிச்சவைதான். இப்ப, ஆச்சியிட்ட மா வாங்க வாற சனம்தான் தங்கட கடைக்குள்ளயும் வருது எண்டு அவையே சொல்லுகினம்.

போன ஐப்பசியில ஒரு பின்னேரம், களம் நிறையச் சனம், மோட்டச்சைக்கிள், பிள்ளையள். மாங்குளம் பக்கமா வானம் கறுத்தது. ஆச்சி எழும்பி நிண்டு, கையை நெத்தியில வைச்சுப் பாத்துப்போட்டு, பழையபடி ஒரு குரல் குடுத்தா: "நெல்லை வாருங்கோடி, மழை வருது!"

கடைக்குள்ள இருந்து அப்பா வெளிய ஓடி வந்தார், படங்குச் சீலையோட.