டூரோ பள்ளத்தாக்கு: போர்ட்டோவிலிருந்து ஒரே நாளில் போய்வரலாமா?

கேள்வி:
செப்டம்பர் கடைசியில் போர்ச்சுகலின் போர்ட்டோவில் 3 நாள் இருப்போம். அதில் ஒரு நாள் டூரோ ஆற்றோரத் திராட்சைத் தோட்டங்களுக்கு. 2 தோட்டத்திலாவது ஒயின் ருசி பார்க்கணும். காரா, ரயிலா?

பதில் 1:
ரயில்தாங்க. காரில் போனால் ஓட்டுறவர் ருசி பார்க்கவே முடியாது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் அங்கே வரம்பு, ஆற்றோரச் சாலையும் வளைவு வளைவா இருக்கும். போர்ட்டோவின் சாவோ பென்ட்டோ ஸ்டேஷனிலோ கம்பான்யா ஸ்டேஷனிலோ ஏறி, பள்ளத்தாக்கில் இருக்கிற பின்யாவ் ஊரில் இறங்குங்க, சுமார் இரண்டரை மணி நேரம். சில வண்டிக்கு வழியில் ரேகுவா ஸ்டேஷனில் மாறணும். போகும்போது வலது பக்க ஜன்னல், வரும்போது இடது பக்கம். முதல் ஒரு மணி நேரம் ஆறு கண்ணில் படாது, பொறுமையா இருங்க. அப்புறம் தண்ணீரை ஒட்டியே தண்டவாளம் போகும்.

பின்யாவ் ஸ்டேஷன் சுவரில் அறுவடைக் காட்சிகளை நீல ஓடுகளில் தீட்டியிருப்பாங்க, பார்க்காம வந்துடாதீங்க. போம்ஃபிம், ரோயெடா ரெண்டு தோட்டமும் நடந்து போற தூரம்தான். உங்க தேதி அறுவடைக் காலம், அதனால முன்பதிவு இல்லாம போகாதீங்க. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் விடுங்க. திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு முதல்லயே குறிச்சுக்கோங்க.

பதில் 2:
சாப்பாடு ஏன் அவசியம்னா, அங்கே ருசி பார்க்கத் தர்ற போர்ட் சாதாரண ஒயின் இல்லை. பாதி நொதிக்கும்போதே 77% திராட்சைச் சாராயத்தை ஊத்தி நிறுத்திடுவாங்க. சர்க்கரை அப்படியே தங்கிடும், ஆல்கஹால் 19–22% ஆயிடும். இனிப்பா இருக்கேன்னு மடமடன்னு குடிச்சா இரண்டாவது தோட்டத்தில் நாக்குக்கு ஒண்ணும் தெரியாது. எச்சில் பாத்திரம் வெச்சிருப்பாங்க, கூச்சப்படாம துப்புங்க.

கிளாஸை வெள்ளைத் தாளுக்கு மேல சாய்ச்சுப் பாருங்க. போர்ட்டில் ரூபி என்ற வகை நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் சிவப்பு. டானி என்ற வகை பல வருஷம் பீப்பாயில் காற்றுப் பட்டுக் கிடந்தது, ஓரத்தில் செங்கல் நிறம் தட்டும். வெள்ளை போர்ட், ரூபி, கடைசியில் பழைய டானி என்ற வரிசையில் போங்க.

பதில் 3:
அறுவடையில் திராட்சையைக் காலால் மிதிக்கிறதைப் பார்க்கணும்னா ஒரு ராத்திரி தங்குங்க. பல தோட்டங்களில் பொழுது சாய்ந்த பிறகுதான் தொட்டியில் இறங்குவாங்க. டூரோ 1756இல் ஒயினுக்காக எல்லை வகுத்த பிரதேசம், அப்போ நட்ட கருங்கல் தூண்களில் சில இன்னும் நிக்குது.

போர்ட்டோவுக்கு ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கிற வில நோவா தி கையாவின் ஒயின் கிடங்குகளை வேறொரு நாளுக்கு வையுங்க. பள்ளத்தாக்கு வெயில் ஒயினைச் சீக்கிரம் முதிர வெச்சிடும்னுதான் கடற்காற்று படுற கையாவுக்குக் கொண்டுவந்தாங்க. போர்ட்டோவிலிருந்து டோம் லூயிஸ் பாலத்தின் மேல்தளத்திலேயே நடந்து போயிடலாம்.

ஊருக்குக் கொண்டுவர 750 மில்லி பாட்டில் 2 போதும். இந்தியாவில் தலைக்கு 2 லிட்டர் வரை தீர்வை இல்லை. செக்-இன் பெட்டியில் துணி சுத்தி வையுங்க. டானி வாங்குங்க, திறந்தபிறகும் ஃப்ரிட்ஜில் சில வாரம் தாங்கும். விண்டேஜ், அதாவது ஒரே வருஷ அறுவடையில் செய்த போர்ட், 2, 3 நாளில் தீர்த்தாகணும்.